துப்பாக்கி முனையில் ஒரு தோள்பட்டை

1

"கையைத் தூக்கு."

முகமூடிக்காரன் துப்பாக்கியை நீட்டியபடி இரண்டடி முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் பெட்டக அறையின் இரும்புக் கதவு பாதி திறந்து கிடந்தது. அபாய மணி அலற இன்னும் நாற்பது விநாடி. அவள் கைகளை உயர்த்தினாள். முழங்கைகள் விலாவை விட்டு விலகவில்லை. உள்ளங்கைகள் மார்பு உயரத்துக்கு வந்து நின்றுவிட்டன.

"இன்னும் மேலே."

"அவ்வளவுதான் வரும்."

[இது ஆறாவது ஆரம்பம். முந்தைய ஐந்தும் குப்பைக் கூடையில். ஒன்றில் மழை பெய்தது. ஒன்றில் ஆஸ்பத்திரி வராந்தா. மற்றொன்று 'வலி என்பது' என்று தொடங்கியது. 'வலி என்பது' என்று தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.]

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரும்புக் கதவு எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு. துப்பாக்கி, ஒரு நீளக் கரண்டி. முகமூடிக்காரன் நான், முகத்தில் இருந்தது மூக்குக்கண்ணாடி மட்டும். கையைத் தூக்காதவள் என் மனைவி. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணி. இந்தக் கதை அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. பிறந்தது எனக்குத் தெரியாமல் போனதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2

பத்தொன்பது வருடமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு கொலை, அல்லது கொலை முயற்சி, எதுவும் தோன்றாத வாரத்தில் தானாகத் திறக்கும் ஒரு கதவு.

ஆரம்ப காலத்தில் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார்: 'இரண்டு கையிலும் விலங்கு மாட்டிய ஆள் எப்படி ஐயா சிகரெட் பற்றவைத்துக்கொண்டே சுவர் ஏறினான்?' அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அடிதடியோ கழுத்து நெரிப்போ, எழுதுவதற்கு முன்னால் சமையலறையில் நடித்துப் பார்த்துவிடுவோம். என் கதைகளில் செத்த அத்தனை பேரும் முதலில் எங்கள் சமையலறையில் செத்தவர்கள். அவளைத் திரைச்சீலைக் கயிற்றால் நான்கு முறை கொன்றிருக்கிறேன். தலையணையால் இரண்டு முறை. இரண்டாவது முறை தலையணைக்கு அடியிலிருந்து, "பால் பொங்குது, சீக்கிரம் கொல்லுங்க" என்றாள்.*

(* அந்த வசனம் ஒரு எழுத்து மாறாமல் அடுத்த வாரம் அச்சில் வந்தது. அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றியதே இல்லை.)

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அதுதான் நடந்தது. "அவ்வளவுதான் வரும்" என்று அவள் சொன்னதை வசனம் என்று எடுத்துக்கொண்டேன். கரண்டியை அடுப்பு மேடையில் போட்டுவிட்டு மேசைக்கு ஓடினேன். துப்பாக்கி முனையில் கையைத் தூக்க மறுக்கும் கதாநாயகி. பதினோராவது அத்தியாயம் இருபது நிமிடத்தில் முடிந்தது.

அந்த அத்தியாயத்துக்கு நாற்பத்திரண்டு கடிதங்கள் வந்தன. 'என்ன நெஞ்சழுத்தம்.' ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஆளைப் புடிச்சிட்டீங்க சார், விட்டுடாதீங்க" என்றார். நான் விடவில்லை. அவளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். காலையில் அவள் படுக்கையிலிருந்து நேராக எழாமல், பக்கவாட்டில் உருண்டு, கால்களை முதலில் தொங்கவிட்டு, பக்கத்து மேசையைப் பிடித்து எழுந்தாள். என் கதாநாயகி எதிரிக்கு முதுகைக் காட்டாமல் உருண்டு எழுந்தாள். இவள் குளிர்ச்சட்டையின் கைக்குள் கையை நுழைக்க முடியாமல் அதை வெறுமனே தோளில் போர்த்திக்கொண்டு கடைக்குப் போனாள். கதாநாயகி மேல்சட்டையைத் தோளில் போர்த்தியபடியே சண்டைக்குப் போனாள். ஓவியருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் அட்டையில் வரைந்தார்.

இப்படிப் பதினோரு வாரம். வாரம் ஒரு அறிகுறி.

பிழை திருத்தப் படிக்கும்போது ஒருநாள் அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா கவனிக்கிறீங்க" என்றாள்.

பாராட்டு என்று நினைத்து, "தேங்க்ஸ்" என்றேன்.

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. 'பார்ப்பது வேறு, —' என்று ஆரம்பித்தது. நீங்களே முடித்துக்கொள்ளக்கூடிய வாக்கியம்தான். விட்டுவிட்டேன்.]

3

அடுத்த காட்சியில் நான் இல்லை. அவள் சொன்னதை வைத்துக் கட்டியிருக்கிறேன். சந்தேகம் வந்த இடங்களில் திரும்பக் கேட்டுத் திருத்தியிருக்கிறேன்.

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பெண்களுக்கான முடி திருத்தும் கடையில் இருபத்திரண்டு வருட வேலை. ஆறு நாற்காலிகளில் ஜன்னலோரம் இருப்பது அவளுடையது. வெளிச்சம் நேராக விழும் இடம். கடையிலேயே கை தேர்ந்தவளுக்குத்தான் அது கிடைக்கும். அதனால் அவளை அங்கே ஜன்னல்காரி என்பார்கள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

சனிக்கிழமை முற்பகல். நாற்காலியில் ஒரு தலைமையாசிரியை. கனத்த முடி, சொட்டச் சொட்ட ஈரம். ஜன்னல்காரி இடது கையில் உருளைச் சீப்பையும் வலது கையில் முடி உலர்த்தியையும் எடுத்து உச்சந்தலைக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் தோள்கள் பூட்டிக்கொண்டன. துருப்பிடித்த கீல் மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். உலர்த்தியின் சூட்டுக்காற்று தலைமையாசிரியையின் காதில் அடித்தது.

அவள் ஒரு விநாடிதான் யோசித்தாள். காலால் நாற்காலியின் மிதியை அழுத்தினாள். நாற்காலி புஸ்ஸென்று இறங்கியது. இன்னொரு முறை அழுத்தினாள். முழங்கை விலாவில் ஒட்டியபடியே கை உச்சந்தலைக்கு எட்டும்வரை இறக்கினாள்.

"ஏம்மா, எனக்குக் கண்ணாடில நெத்தி மட்டும்தான் தெரியுது."

"நெத்திக்கு மேலதானே மேடம் வேலை. கீழ இருக்கறதை நீங்க தினம் பாக்கறதுதானே."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். முதலாளியம்மா சிரிக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கவனிப்பவள். கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள்.

"என்னடி இது, எல்லாரையும் கிணத்துல இறக்கி வச்சிருக்க?"

"மேலேருந்து பாத்தாத்தாங்க்கா வகிடு நேரா வருது."

முதலாளியம்மா குனிந்து வகிட்டைப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. திங்கட்கிழமை முதல் கடையின் ஆறு நாற்காலிகளும் கிணற்றில் இருந்தன. மற்ற ஐந்து பேரும் முதுகு வலி என்று புலம்பினார்கள். "ஜன்னல்காரி செய்யறா, உங்களுக்கு என்ன?" என்று முதலாளியம்மா அடக்கினாள்.

இதை அவள் என்னிடம் சொன்னபோது, "உங்க வாசகருங்க மாதிரிதான்" என்றாள். "நான் முடியாம செஞ்சதை எல்லாரும் ஸ்டைல்னு எடுத்துக்கிட்டாங்க."

4

முதல் மருத்துவர் தோள் இறுகியிருக்கிறது என்றார். இரண்டு தோளும் ஒரே நாளில் ஏன் இறுகின என்று கேட்டதற்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார். இரண்டாமவர், மாதவிலக்கு நிற்கும் வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார். என் தங்கை, மருத்துவர் இல்லை என்றாலும் ஆலோசனையில் அவர்களுக்குக் குறைந்தவள் இல்லை: "அண்ணி, காலைல எழுந்து நாலு நடை நடங்க. எல்லாம் சரியாயிடும்."

"எழுந்துட்டேன்னா நடக்க மாட்டேனா?" என்றாள் ஜன்னல்காரி.

மூன்றாமவர் மன அழுத்தம் என்றார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா? வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"வாராவாரம் ஒரு கொலை பண்றார், டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

[நோயின் பெயரைக் கடைசிவரை ஒளித்து வைக்கச் சொல்கிறது பழக்கதோஷம். இந்தத் தொழிலில் எதையாவது ஒளித்து வைக்காவிட்டால் அடுத்த வாரம் யாரும் பத்திரிகை வாங்க மாட்டார்கள். ஆனால் இங்கே வேண்டாம். அந்தந்த நாளில் எனக்குத் தெரிந்ததை அங்கங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயின் பெயர் பாலிமயால்ஜியா ருமேட்டிகா. சொல்லிப் பழக இரண்டு நாள் ஆகும்.]

அதைக் கண்டுபிடித்தவர் நான்காமவர், மூட்டு நோய் மருத்துவர். குரலில் ஏற்ற இறக்கமே இல்லாத பெண்மணி. என்ன வலிக்கிறது என்று அவர் முதலில் கேட்கவில்லை.

"காலைல எழுந்தா இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"பதினோரு மணி வரைக்கும்."

"தோள் மட்டுமா?"

"இடுப்பும். தொடை மேல் பக்கமும். உக்காந்தா எழுந்திருக்க யாராவது வேணும். கடையில போன் அடிச்சாத் தேவலைன்னு இருக்கும், யாராவது அந்தப் பக்கமா வருவாங்க, கையப் புடிச்சுக்கலாம்."

"கையைத் தலைக்கு மேல தூக்குங்க."

ஜன்னல்காரி தூக்கினாள். உள்ளங்கைகள் மார்பு உயரத்தில் நின்றன.

"அவ்வளவுதான் வரும், டாக்டர்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, இந்த வசனத்தை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. ஒரு விநாடி. அப்புறம் தெரிந்துவிட்டது. மேசை மேல் இருந்த பத்திரிகைக் குவியலில் மேலாக இருந்தது எங்கள் பத்திரிகை. அட்டையில் மேல்சட்டையைத் தோளில் போர்த்திய பெண். மருத்துவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

5

ரத்தத்தில் அழற்சி அளவு இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு இருந்தது. வேறு நோய்கள் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு மருத்துவர் சொன்னார்:

"இது ஐம்பது தாண்டினவங்களுக்கு வர்றது. பெரும்பாலும் எழுபதை ஒட்டி வரும். உங்க வயசுல ரொம்ப அபூர்வம். அதனாலதான் யாரும் இந்தப் பக்கம் தேடல."

ஸ்டீராய்டு மாத்திரை. தினம் பதினைந்து மில்லிகிராம், காலையில், சாப்பிட்ட பிறகு.

மூன்றாம் நாள் காலை அவள் எழுந்தாள். உருளவில்லை, மேசையைப் பிடிக்கவில்லை. கழிவறைக்குப் போய்விட்டு வந்து, பரணில் இருந்த பெட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். எதற்கு என்றேன். "எடுக்க முடியுதான்னு பாத்தேன்" என்று சொல்லித் திரும்ப மேலே வைத்தாள்.*

(* தொடர்கதையில் இப்படி மூன்றே நாளில் ஆளைக் குணப்படுத்தினால் ஆசிரியர் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்புவார். இந்த நோய்க்கு இப்படித்தான் நடக்குமாம். மாத்திரைக்கு வலி உடனே அடங்குவதே நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு பகுதி என்றார் மருத்துவர்.)

அடுத்த முறை போனபோது காத்திருக்கும் அறையில் எல்லோருக்கும் நரைத்த தலை. கைத்தடி வைத்திருந்த ஒருவர் அவளைப் பார்த்து, "யாருக்குத் துணையா வந்திருக்கம்மா?" என்றார்.

"எனக்குத்தாங்க ஐயா. பாலிமயால்ஜியா."

"எனக்கும் அதேதான். எனக்கு எழுபத்தாறு." அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ அவசரப்பட்டுட்டம்மா."

அன்றைக்குத்தான் மருத்துவர் இன்னொன்றையும் சொன்னார். அதை அவர் சொன்னபடியே தருகிறேன், ஏனென்றால் இதற்கு மேல் இந்தக் கதை நிற்பது அதன் மேல்தான்.

"இந்த நோய்க்குக் கூடப்பிறந்த நோய் ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் வராது. வந்தா நெத்திப்பொட்டுல ஓடற ரத்தக்குழாய் வீங்கும். புதுசா தலைவலி வந்தாலோ, தலையில சீப்பு பட்டா வலிச்சாலோ, மெல்லும்போது தாடை வலிச்சாலோ, கண் மங்கினாலோ அன்னைக்கே வரணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. கண்ணு போயிடலாம். போன பார்வை திரும்பாது."

"வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் அவள்.

"மாத்திரையை நாலு மடங்கு ஏத்துவோம். மறுபடியும் மேலேருந்து இறங்கி வரணும்."

"ஒரு வருஷமா?"

"அதுக்கு மேலயும் ஆகலாம்."

6

இறங்குவதுதான் கஷ்டம். ஏணி மாதிரி. பதினைந்து, பன்னிரண்டரை, பத்து. அதற்குக் கீழே மாதம் ஒரு மில்லிகிராம். ஒரு படி அவசரப்பட்டால் தோள் மறுபடியும் பூட்டிக்கொள்ளும். ஏழில் ஒருமுறை அப்படி ஆகி மேலே ஏறி இறங்கினாள். மாத்திரையால் முகம் உருண்டையானது. "நல்லா இருக்கீங்க போல, கன்னம் வச்சிருக்கு" என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். "வீட்ல கவனிப்பு அப்படி" என்றாள்.

கடையில் பாதி நேரம்தான் வேலை. பிற்பகலில் ஜன்னல் நாற்காலியில் புதிதாக வந்த ஒரு பெண் நின்றாள். ஐந்து மில்லிகிராமுக்கு வந்திருந்த மாதத்தில் முதலாளியம்மா உட்காரவைத்துப் பேசினாள்.

"உன்ன வெளிய போன்னு சொல்லலடி. ஆனா ஒண்ணாந்தேதிலேருந்து முழுநேரம் நிக்கணும். முடியலேன்னா வரவேற்பு மேசையில உக்காரு. நாற்காலியை அவளுக்குக் குடுத்துடறேன்."

"நிக்கறேங்க்கா."

"முடியுமா?"

"முடியும்னு சொன்னேனே."

ஒன்றாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் வட்டம் போட்டாள். ஐந்திலிருந்து மேலே ஏறாமல் அந்த வட்டத்தைத் தொட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

[இந்தக் கதாபாத்திரம் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. ஆறு நாற்காலியில் ஒன்றுக்கு இத்தனை பிடிவாதமா என்று வாசகர் கேட்பார். 'அந்த ஜன்னல் அவளுக்கு —' என்று விளக்க ஆரம்பித்து அடித்துவிட்டேன். அவளிடமே கேட்டேன். "உங்க பேரை எடுத்துட்டு வேற ஒருத்தன் பேர்ல உங்க தொடர் வந்தா சும்மா இருப்பீங்களா?" என்றாள்.]

7

அந்தப் பதினெட்டு நாளில்தான் ஆசிரியர் கூப்பிட்டார். ஒரே இதழில் முடியும் கதை, புதன்கிழமைக்குள் வேண்டும். நோயைப் பற்றி எழுதட்டுமா என்றேன். "எழுதுங்க சார். முடிவு மட்டும் நம்பிக்கையா இருக்கட்டும்."

இந்த முறை அவளிடம் கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் முறை. "எழுதுங்க. முடிவைப் படிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க" என்றாள்.

முடிவு ஒன்று: அவள் சொந்தமாகக் கடை திறக்கிறாள். எல்லா நாற்காலிகளும் ஜன்னலோரம்.

"அறையில நாலு பக்கமும் ஜன்னல் வச்சா கண்ணாடியை எங்க மாட்டறது?" என்றாள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: யாரோ மாத்திரை டப்பாவை மாற்றி வைத்துவிடுகிறார்கள். பிடிபடுவது புதிதாக வந்த பெண்.

"அவ எனக்கு டீ வாங்கிட்டு வந்து குடுக்கறவ. அவளையா புடிச்சுக் குடுப்பீங்க?" அதையும் அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: ஒன்றாம் தேதி. ஜன்னல் வெளிச்சம். அவள் நாற்காலியை வழக்கமான உயரத்துக்கு ஏற்றுகிறாள். உலர்த்தியை எடுக்கிறாள். கை போகிறது, நிற்காமல் போகிறது. கண்ணாடியில் வாடிக்கையாளரின் முகம் முழுவதும் தெரிகிறது.

இதுதான் என்று தெரிந்துவிட்டது. ஆசிரியர் கேட்ட நம்பிக்கையும் இருந்தது, பொய்யும் இல்லை; அவள் ஐந்தில் இருந்தாள், தோள் நன்றாக ஏறியது, வட்டத்துக்கு இன்னும் ஆறே நாள். புதன்கிழமை பிற்பகல் சுத்தப் பிரதி எடுத்தேன்.

8

இன்னும் ஒரு காட்சி பாக்கி. அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த மாலை, அந்த வாரம், அந்த ஒன்றாம் தேதி, எல்லாம் தெரியும். எழுத மாட்டேன்.

அவள் போட்ட நிபந்தனை இது. "நான் அன்னைக்கு வாயத் திறந்து சொன்னது வரைக்கும் எழுதிக்கோங்க. அதுக்கப்புறம் நடந்தது எனக்கு நடந்தது. அதை யாரும் ஸ்டைல்னு எடுத்துக்க வேண்டாம்."

அதனால் நாற்காலி யாருக்குக் கிடைத்தது, மருத்துவர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கங்களை அவளே படித்துப் பார்த்தாளா, நான் படித்துக் காட்டினேனா என்பதையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

9

புதன்கிழமை, மூன்று மணி. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் அவள் கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றாவது முடிவைப் படித்தேன். 'கண்ணாடியில் முகம் முழுவதும் தெரிந்தது' என்ற கடைசி வரியைக் கொஞ்சம் நிறுத்தியே படித்தேன்.

அவள் துண்டை மடிப்பதை நிறுத்தவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

"அனுப்பிடட்டுமா?"

"அனுப்பாதீங்க."

"ஏன், எங்க இடிக்குது?"

"எங்கயும் இடிக்கல." ஒரு துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "பேனாவைக் கீழ வையுங்க."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன், எழுதல."

"தெரியும். கீழ வையுங்க."

வைத்தேன். அவள் அடுத்த துண்டை எடுத்து, விரித்து, மடிக்காமல் மடியிலேயே போட்டுக்கொண்டாள்.

"சொன்னா கதையில போட்டுடுவீங்கன்னு பேசாம இருந்தேன். அக்காகிட்ட ஒண்ணாந்தேதி நிக்கறேன்னு வேற சொல்லிட்டேன். ஆறு நாள்தானே, ஓட்டிடலாம்னு நெனச்சேன்."

"என்ன சொல்லற? தோளா?"

"தோளுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "அஞ்சு நாளா நான் தலை சீவல. சீப்பு பட்டா வலிக்குது."